மறுநாள் வந்தவள்

திருவிழா நேற்றே முடிந்துவிட்டது.
தெலுக் இந்தானில் பஸ் ஏறும்போதே
டிரைவர் கேட்டார்,
"இன்னைக்குப் போயி என்னம்மா பண்ணப் போற?"

சுங்கை செராயில் இறங்கியது நான் ஒருத்தி.
ஏறியவர்கள் முப்பது பேர் இருக்கும்.
மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்து
குளத்து மண்ணாய் வெடித்திருந்தது.
ஒரு சின்னப் பெண் ஜன்னல் வழியே
என் முதுகைக் காட்டிக் கத்தினாள்:
"அம்மா, காவடி லேட்டு!"

சாலைக்கு இரு பக்கமும் செம்பனை.
நடுவே, கோயில் வரைக்கும்,
தண்ணீர்ப் பந்தல்களின் எலும்புகள்.
வங்காளதேசத்துப் பையன்கள் மூவர்
மூங்கிலை உருவி லோரியில் எறிகிறார்கள்.
ஒருவன் கழுத்தில் யாரோ போட்டுவிட்ட மாலை.
கழற்ற அவனுக்குத் தோன்றவில்லை
அல்லது நேரம் இல்லை.

சைக்கிளில் வந்தவர் கால் ஊன்றி நின்றார்.
"என்ன வேண்டுதல், தாயி?"
"ஒண்ணும் இல்லைங்க. சும்மா பார்க்க வந்தேன்."
பையை ஒரு சுற்றுப் பார்த்தார்.
"சும்மாவா இவ்வளவு தூக்குற?"

பதினோரு கிலோ.
விமான நிலையத்தில் நிறுத்த கணக்கு அது.
காசியிலும் ராமேஸ்வரத்திலும்
யாரும் இதைக் கேட்கவில்லை,
அங்கே பை இல்லாதவரைத்தான் விசாரிப்பார்கள்.

எண்ணெய் ஆலை வாசலில் நிறுவை மேடை.
கிராணி கோகிலவாணி
மைலோவை உறிஞ்சிக்கொண்டே அழைத்தாள்:
"அடுத்த லோரி வர நேரமாகும். ஏறி நில்லு."
பழக்குலைகளுக்கான மேடை.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
பையோடு நின்றேன்: அறுபது.
பையைக் கீழே வைத்து நின்றேன்: ஐம்பது.
"பாரு, பத்து கிலோ உன்னோடது இல்ல."
மிச்சம் ஒரு கிலோ
எங்கே போனதென்று அவளும் சொல்லவில்லை.

கோயில் நடை சாத்தியிருந்தது.
பிஸ்கட் அட்டையில் மார்க்கரால்:
*அம்பாளுக்கு ஓய்வு.
நாளை மாலை ஐந்து மணிக்குத் திறக்கும்.*
எனக்குக் கோபம் வரவில்லை.
நேற்று இரவு முழுக்க
எத்தனை பேர் பேச்சைக் கேட்டிருப்பாள்.

பூக்குழியில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.
சாம்பல் கருத்து, குழைந்து,
ஓரத்தில் மட்டும் இன்னும் வெதுவெதுப்பு.
அங்கேதான் ஒரு நாய் படுத்திருந்தது,
வயிற்றை நெருப்பின் பக்கம் வைத்து.
நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
மழை தூறி, நின்று, மறுபடி தூறியது.

திரும்பி வந்தால் வாசலில் செருப்பு இல்லை.

தவமணி அக்கா கோணி தைத்துக்கொண்டிருந்தார்.
ஒவ்வொரு வருஷமும் மறுநாள் அவர் வேலை:
கூட்டம் விட்டுப்போன செருப்புகளை அள்ளுவது.
ஏழு கோணி நிறைந்துவிட்டது.
"அனாதையா கிடந்துச்சு, அள்ளிட்டேனே!
யார் கண்டா நீ ஒருத்தி உள்ள இருக்கேன்னு?"

தைத்ததைப் பிரித்துக் கொட்டினோம்.
குதிகால் உயர்ந்தது, குழந்தையுடையது,
விளக்கு எரியும் காலணி ஒன்று
(கொட்டியதும் சிவப்பாய்ச் சிமிட்டி அடங்கியது),
ரப்பர், தோல், கித்தாக்காட்டு பூட்ஸ் கூட.
ஐந்தாவது கோணியில் என் இடது கிடைத்தது.
வலது கிடைக்கவே இல்லை.
ஏழாவதின் அடியைத் தட்டிவிட்டு அக்கா
ஒரு நீல ஜப்பான் சிலிப்பரை நீட்டினார்.
"இதோட ஜோடியும் இல்ல. போட்டுக்க."

பஸ் நிறுத்தம்வரை இப்படித்தான் நடக்கிறேன்.
இடது கால் உயரம், வலது தாழ்வு.
வலதில் யாருடைய குதிகாலோ
வருஷக்கணக்கில் அழுத்திய பள்ளம்.
நெருப்பில் இறங்கிய காலோ,
ஓரமாய் நின்று வேடிக்கை பார்த்ததோ.
என் குதிகால் அதில் சரியாக உட்காரவில்லை.

பழைய டிரைவரேதான்.
"என்னம்மா, பார்த்தியா?"

பையை இறக்கி மடியில் வைத்தேன்.
மேலே வைக்க இடம் இருந்தும்.